பொலிகிடாவை உருவாக்கும் சின்னஞ்சிறு செய்திகள்

முதுமலைக் காட்டில் யானைகள் மரம் இழுத்த காலத்தில், பகல் வேலை முடிந்ததும் தெப்பக்காடு முகாமின் பெண் யானைகளைக் காலில் சங்கிலி இழுபட மாயாற்றங்கரையில் மேய விட்டுவிடுவார்கள். இரவில் காட்டுக் கொம்பன்கள் அவற்றைத் தேடி வரும். முகாமில் பிறந்த குட்டிகள் பலவற்றின் தந்தை இப்படி வந்த காட்டு யானைகள்தான் என்பதை யானை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி, யானை ஆய்வாளர் ராமன் சுகுமார் போன்றோரின் பதிவுகள் காட்டுகின்றன. மதம் கொண்ட கொம்பனின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் பல மடங்கு ஏறியிருக்கும். மற்ற ஆண்கள் ஒதுங்கிப் போகும், பெண்கள் அதை ஏற்கும். அடுத்த தலைமுறைக்குத் தந்தை யார் என்பதைக் காடே முடிவு செய்தது. அதே தெப்பக்காட்டிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா பக்கத்துப் பட்டிகளில் அடைபடும் வெள்ளாட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்கே தந்தையை முடிவு செய்வது சந்தை. ஆடி மாதக் கோயில் படையல், பக்ரீத், தீபாவளி என்று வரிசையாக வரும் நாட்களில் வியாபாரி கைவைப்பது நன்றாக உடம்பேறிய கிடாக்குட்டியின் முதுகில்தான். அது போன பிறகு, விலை போகாமல் மந்தையில் தங்கிவிட்ட கிடா அடுத்த ஈற்றுக்குத் தந்தையாகிறது. தமிழ்நாட்டின் பெரும்பாலான சிறு மந்தைகளின் நிலை இதுதான்.

இந்தப் பழக்கம் நம் ஆட்டினங்களைத் தேய்க்கிறது என்று கால்நடை மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அவர்கள் சொல்லும் காரணம் உடல் எடை: வேகமாக வளரும் குட்டிகளை விற்றுவிட்டால் மெதுவாக வளரும் பரம்பரைதான் மிஞ்சும். அந்தக் காரணம் சரிதான். ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளில் செல் உயிரியல் கண்டறிந்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அதைவிட ஆழமான காரணம் ஒன்று தெரிகிறது. பொலிகிடாவின் திறமை அதன் கொம்பிலோ தோளிலோ இல்லை, விதைக்குள் இருக்கிறது. அந்த விதை வேலை செய்யத் தயாராவது தாய் வயிற்றிலும் பிறந்த முதல் ஆறு மாதங்களிலும். அந்தத் தயாரிப்பை நடத்துவதில் பெரும்பங்கு, புரதமாக மாறாத ஆர்.என்.ஏ. என்னும் மூலக்கூறுகளுக்கு உண்டு. ஆகவே ஓராண்டு வயதில் கிடாவைப் பார்த்து ‘இது நல்ல கிடா’ என்று சொல்லும்போது, முக்கியமான முடிவுகள் முன்பே நம் கண்ணில் படாமல் நடந்து முடிந்திருக்கும். கிடாவைத் தேர்வு செய்யும் கண்ணும் காலமும் மாற வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த மூலக்கூறு என்ன என்று பார்ப்போம். டி.என்.ஏ.வில் எழுதியிருப்பதை செல் அப்படியே பயன்படுத்துவதில்லை. தேவையான பகுதியை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்து, அந்தப் படியைப் பார்த்துப் புரதம் செய்கிறது. தசை, முடி, கொம்பு, நொதி எல்லாம் இந்தப் புரதங்களின் வேலை. வெள்ளாட்டின் டி.என்.ஏ. ஏறத்தாழ 290 கோடி எழுத்துகள் கொண்டது. மனிதனில் போலவே ஆட்டிலும் இதில் புரதத்துக்கான பகுதி மிகச் சிறியது. மனிதனில் அது 2 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சமெல்லாம் குப்பை என்று ஒரு காலத்தில் கருதினார்கள். ஆனால் அந்த மிச்சத்திலிருந்தும் செல் ஏராளமாக ஆர்.என்.ஏ. படியெடுக்கிறது, அவற்றில் பல புரதமாகவே மாறுவதில்லை. 1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில், சுமார் 22 எழுத்து நீளமே உள்ள ஆர்.என்.ஏ. ஒன்று வேறொரு மரபணுவின் புரத உற்பத்தியை அடக்கி வைப்பதைக் காட்டினார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று இன்று அழைக்கப்படும் இந்தக் கண்டுபிடிப்புக்கு 2024-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. 200 எழுத்துக்கு மேல் நீளும் ஆர்.என்.ஏ.க்கள், இரு முனையும் ஒட்டி வளையமான ஆர்.என்.ஏ.க்கள், விதையில் மட்டும் கொட்டிக் கிடக்கும் பிவி ஆர்.என்.ஏ.க்கள் என்று குடும்பம் பெரிது. இவற்றின் வேலையை ஏரிப்பாசனத்து நீர்பாய்ச்சியின் வேலையோடு ஒப்பிடலாம். அவர் தண்ணீரை உண்டாக்குவதில்லை, பயிரும் செய்வதில்லை. எந்த மடையை எப்போது திறப்பது, எதை எவ்வளவு நேரம் அடைத்து வைப்பது என்பது மட்டும் அவர் கையில். ஆனால் அது தப்பினால் விளைச்சல் தப்பும்.

உடலின் எல்லா உறுப்பிலும் இந்த ஆர்.என்.ஏ.க்கள் இருக்கையில், விதையில் மட்டும் இவற்றுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? இதைப் புரிந்துகொள்ள விதையின் உள்ளே சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கிடாவின் விதையைக் குறுக்காக வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், வட்ட வட்டமாக நுண்குழல்கள் தெரியும். ஒவ்வொரு குழலின் வெளிவிளிம்பிலும் மூலச் செல்கள் உட்கார்ந்திருக்கும். அவை பெருகி, பிரிந்து, பிறக்கும் செல்கள் படிப்படியாகக் குழலின் நடுவை நோக்கி நகர்கின்றன. நடுவுக்கு வரும்போது வாலும் தலையும் கொண்ட விந்தணுவாகியிருக்கும். வெள்ளாட்டில் இந்தப் பயணத்துக்குச் சுமார் 48 நாள் ஆகிறது. வழி நெடுக அவற்றை அணைத்து, ஊட்டி, மேலே தள்ளிவிடுவன செர்டோலி செல்கள் என்னும் தாதிச் செல்கள். ஒரு தாதி இத்தனை பிள்ளைகளைத்தான் வளர்க்க முடியும் என்று ஒரு வரம்பு உண்டு. அந்தத் தாதிகளின் எண்ணிக்கையோ, கருவிலும் குட்டிப்பருவத்திலும் பெருகி, கிடா பருவத்துக்கு வரும்போது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. வெள்ளாட்டுக் கிடா நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் பருவத்துக்கு வந்துவிடும். அதற்குள் எத்தனை தாதிகள் சேர்ந்தனவோ அதைப் பொறுத்தே அந்தக் கிடா வாழ்நாள் முழுக்கத் தரக்கூடிய விந்தணுக்களின் உச்ச அளவு அமைகிறது. பிறகு எத்தனை மூட்டை கடலைப்பிண்ணாக்கு போட்டாலும் அந்த உச்சத்தைத் தாண்டுவது கடினம். எலிகளில் இந்தத் தாதிச் செல்களில் மட்டும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைச் செதுக்கும் நொதியை ஆய்வாளர்கள் நீக்கிப் பார்த்தார்கள். மரபணுக்கள் அத்தனையும் இருந்தும் அந்த ஆண் எலிகள் மலடாயின.

இன்னொரு காரணம் விந்தணுவின் பயணத்தின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. என் பார்வையில் இந்த விவாதத்தின் மையமே இதுதான். விந்தணுவின் தலை மிகச் சிறியது. அதற்குள் முழு டி.என்.ஏ.வையும் திணிக்க, புரோட்டமீன் என்னும் புரதம் அதை இறுக்கிச் சுருட்டிவிடுகிறது. சுருண்ட டி.என்.ஏ.விலிருந்து புதிதாகப் படியெடுக்க முடியாது. ஆனால் வால் கட்டுவது, தலைக்கு வடிவம் கொடுப்பது போன்ற வேலைகள் அப்போதும் பாக்கி. ஆகவே செல் தனக்குத் தேவையான செய்திகளை முன்கூட்டியே படியெடுத்து வைத்துக்கொண்டு, நாட்கணக்கில் பூட்டி வைத்து, உரிய நேரத்தில் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறது. பூட்டும் நேரமும் பிரிக்கும் நேரமும் பிசகினால் என்ன ஆகும்? 1995-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. எலிகளில் புரோட்டமீன் செய்தி உரிய காலத்துக்கு முன்பே புரதமாகும்படி செய்தார்கள். தலை அவசரப்பட்டுச் சுருங்கியது, வளர்ச்சி பாதியில் நின்றது, விந்தணு முழுமை பெறவில்லை. புரதத்தில் ஒரு குறையும் இல்லை, பிசகியது வேளை மட்டுமே. உடலின் வேறெந்த செல்லும் டி.என்.ஏ.வை இப்படிக் கட்டிவைத்துவிட்டு வேலையைத் தொடர்வதில்லை என்பதால், செய்திகளைப் பூட்டித் திறக்கும் பொறுப்பாளர்கள் விதையில் கூடுதலாகத் தேவைப்படுகிறார்கள். அந்தப் பொறுப்பில் சில புரதங்களும் உண்டு, புரதமாகாத ஆர்.என்.ஏ.க்களும் உண்டு.

இந்த ஆர்.என்.ஏ.க்களுக்குக் காவல் வேலையும் இருக்கிறது. டி.என்.ஏ.வுக்குள் இடம் விட்டு இடம் தாவும் துண்டுகள் உண்டு. மற்ற செல்களில் ரசாயன முத்திரைகள் அவற்றை அடக்கி வைத்திருக்கும். விந்தணுவின் மூதாதைச் செல்கள் கருவில் உருவாகும்போது அந்த முத்திரைகள் அழிக்கப்பட்டுப் புதிதாகக் குத்தப்படுகின்றன. அந்த இடைவேளையில் தாவும் துண்டுகள் கண்டபடி புகுந்தால் வம்சமே கெடும். 2006-இல் எலியின் விதையில் ஆய்வுக்குழுக்கள் பல ஒரே சமயத்தில் கண்டறிந்த பிவி ஆர்.என்.ஏ.க்கள், 24 முதல் 31 எழுத்து நீளத்தில், இந்தத் துண்டுகளை அடையாளம் கண்டு அடக்குகின்றன. இவற்றோடு கைகோத்து வேலை செய்யும் பிவி புரதங்களை நீக்கினால் ஆண் எலிகள் மலடாகின்றன.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் எலிக் கதைகள். வெள்ளாட்டுக்கு வருவோம். வெள்ளாட்டின் இனப்பெருக்க மரபியலில் மிகப் பழைய புதிரொன்று கொம்பில்லாத ஆடுகளைப் பற்றியது. ஐரோப்பியப் பால் ஆட்டினங்களை வளர்த்தவர்கள், முட்டாத ஆடு கையாளச் சுலபம் என்று மோழை ஆடுகளையே இணைசேர்த்து வந்தார்கள். அப்படிச் செய்த மந்தைகளில் பெட்டைக்குட்டிகள் குறைந்தன. ஆணும் அல்லாத பெண்ணும் அல்லாத மலட்டுக் குட்டிகள் பிறந்தன. 1944-இல் எஸ்.ஏ. ஆஸ்டெல் என்னும் அமெரிக்க ஆய்வாளர், இந்தக் குட்டிகள் மரபுப்படி பெட்டைகள் என்றும், குறைபாடு கொம்பின்மையோடு சேர்ந்தே வருகிறது என்றும் கணித்தார். பெற்றோர் இருவரிடமிருந்தும் மோழைத்தன்மையைப் பெற்ற பெட்டைக் கருவில், சினைப்பை உருவாக வேண்டிய இடத்தில் விதை உருவாகிவிடுகிறது. ஆணாவதற்கான ஒய் குரோமோசோமோ அதிலுள்ள எஸ்.ஆர்.ஒய். மரபணுவோ அந்தக் கருவில் இல்லை. அப்படியிருந்தும் விதை வந்தது எப்படி? 2001-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் விடையை நெருங்கினார்கள். வெள்ளாட்டின் முதல் குரோமோசோமில் சுமார் 11,700 எழுத்து நீளத் துண்டொன்று மோழை ஆடுகளில் காணாமல் போயிருந்தது. அந்தத் துண்டுக்குள் புரதம் செய்யும் மரபணு ஒன்றுகூட இல்லை. ஆனால் அது போனதும், இரண்டு லட்சம் எழுத்துக்கு மேல் தள்ளியிருக்கும் ஃபாக்ஸ்எல்2 என்னும் மரபணுவும், அருகிலிருந்து படியெடுக்கப்படும் புரதமாகாத நீள ஆர்.என்.ஏ. ஒன்றும் கருவின் சினைப்பையில் அடங்கிப்போயின. புரதம் எழுதப்படாத வெற்றுப்பகுதி என்று ஒதுக்கிய இடம், ஒரு குட்டி கிடாவா பெட்டையா என்பதையே புரட்டிப் போட்டது.

இந்தக் கதையின் அடுத்த பகுதி என் வாதத்துக்குச் சற்றே எதிரானது. ஆனாலும் அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தொடக்கத்தில் ஆய்வாளர்கள் பலரின் சந்தேகம் அந்த நீள ஆர்.என்.ஏ.வின் மேல்தான் விழுந்தது. விதை வளர்வதைத் தடுப்பது அதுவாக இருக்கலாம் என்று நினைத்தார்கள். பிறகு 2014-இல், ஃபாக்ஸ்எல்2 மரபணுவை மட்டும் வெட்டி முடக்கிய வெள்ளாட்டுக் கருக்களை அதே பிரெஞ்சுக் குழுவினர் உருவாக்கினார்கள். பெட்டைக் கருக்களில் விதை வளர்ந்தது. ஆக, முதன்மைப் பொறுப்பு புரத மரபணுவுக்குத்தான், ஆர்.என்.ஏ.வுக்கு அல்ல என்று தீர்ந்தது. 2020-இல் நீண்ட துண்டுகளாகப் படிக்கும் புதிய கருவியால் அந்தப் பகுதியை மீண்டும் படித்தபோது, துண்டு விழுந்தது மட்டுமல்ல, சுமார் 4,80,000 எழுத்து நீளப் பகுதியொன்றின் இன்னொரு பிரதி அங்கே வந்து ஒட்டிக்கொண்டிருப்பதும் தெரிந்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. ஒரு ஆர்.என்.ஏ. ஓரிடத்தில் கூடுகிறது, குறைகிறது என்பதாலேயே அங்கே நடப்பதற்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதே சமயம், புரதம் எழுதப்படாத பகுதியின் ஆட்சி எவ்வளவு வலியது என்பதற்கு வெள்ளாட்டைவிட நல்ல சாட்சி கால்நடைகளில் அரிது.

இங்கே எழும் முதல் மறுப்பு வலுவானது. விதை எதையும் படியெடுக்கும் உறுப்பு. உடலின் மற்ற உறுப்புகளில் மௌனமாக இருக்கும் பகுதிகள்கூட அங்கே படியெடுக்கப்படுகின்றன. விந்தணு உருவாகும் வழியில் டி.என்.ஏ. ஒரு கட்டத்தில் தளர்ந்து திறந்து கிடப்பதால், கண்டதெல்லாம் ஆர்.என்.ஏ.வாகிறது. அதில் ஆயிரக்கணக்கான ஆர்.என்.ஏ.க்களை எண்ணிக் காட்டுவதால் மட்டும் அவற்றுக்கு வேலை உண்டு என்று ஆகிவிடாது. விதையில் மட்டுமே காணப்படும் நீள ஆர்.என்.ஏ.க்கள் சிலவற்றை எலியில் நீக்கியபோது ஒன்றும் ஆகவில்லை. எலிகள் வழக்கம்போல் குட்டி போட்டன. இந்த மறுப்பில் பாதியை ஏற்கத்தான் வேண்டும். படியெடுக்கப்படுவதில் கணிசமானது வெறும் சிதறலாக இருக்கக்கூடும். ஆனால் மீதி எவ்வளவு? 2016-இல் பழ ஈயில் இதற்கு நேரடிச் சோதனை நடந்தது. விதையில் மட்டும் வரும் 105 நீள ஆர்.என்.ஏ.க்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்ததில், 33-ஐ நீக்கியபோது ஆண் ஈயின் இனவிருத்தி முழுதாகவோ பகுதியாகவோ கெட்டது. மூன்றில் ஒன்று என்பது சிதறலென்று ஒதுக்கக்கூடிய கணக்கல்ல.

ஒன்றை நீக்கியும் ஒன்றும் ஆகாததற்கு வேறு விளக்கமும் உண்டு. எலியின் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் 34 என்னும் எண் கொண்ட குடும்பத்தையோ 449 என்னும் எண் கொண்ட குடும்பத்தையோ தனியாக நீக்கினால் ஆண்கள் நலமாகவே இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து நீக்கினால் மலடாகின்றன. ஒன்று விட்டதை மற்றொன்று தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு அது. ஆகவே ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு ‘இதற்கு வேலையில்லை’ என்று முடிவு கட்டுவதும் அவசரமே. இரண்டாவது மறுப்பு வெள்ளாட்டு ஆய்வுகளைப் பற்றியது. பருவத்துக்கு முன்னும் பின்னும் கிடாக்களின் விதையை எடுத்து ஆர்.என்.ஏ. முழுவதையும் படித்த ஆய்வுகளில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வந்தவை. எல்லாமே ஒன்றைத்தான் சொல்கின்றன: வயது கூடக் கூட, புரதமாகாத ஆர்.என்.ஏ.க்களின் கூட்டமே மாறுகிறது. செர்டோலி செல்களின் பெருக்கம், ஹார்மோன் உற்பத்தி, செல் பிரிவு ஆகியவற்றின் மரபணுக்களோடு அந்த மாற்றம் இணைந்து வருகிறது. ஆனால் வயதுக்கு மூன்று நான்கு கிடாக்கள்தான் ஆய்வில் இருக்கும். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் சோதிப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடும். கூடுவதையும் குறைவதையும் காரணமாகக் கொள்ளக் கூடாது என்று மோழை ஆட்டின் கதை எச்சரித்த பிறகு, இந்தப் பட்டியல்களை வைத்து ‘நல்ல கிடாவுக்கான ரத்தச் சோதனை’ என்று யாரேனும் விற்க வந்தால் நம்பக் கூடாது. எனினும் அடிப்படைச் செய்தி அசையவில்லை. விதையின் பெரிய மாற்றங்கள் பருவத்துக்கு முந்திய சில மாதங்களில் நெருங்கி நடக்கின்றன, அப்போது குட்டி எப்படி இருக்கிறது என்பது பொருட்டாகிறது.

எப்படி இருக்கிறது என்றால், என்ன தின்கிறது, எவ்வளவு வெயில் படுகிறது என்றும் பொருள். மேற்கு ஆஸ்திரேலியாவில் வளர்ந்த செம்மறிக் கிடாக்களுக்குத் தீவனத்தைக் குறைத்துப் பார்த்த ஆய்வுகளில், விதை சுருங்கியது, விந்தணுவின் தரம் தாழ்ந்தது. கூடவே விதையிலுள்ள சிறு ஆர்.என்.ஏ.க்களின் அளவுகளும் மாறியிருந்தன. 2016-இல் எலிகளில் வெளியான ஆய்வுகள் இன்னும் ஒரு படி போயின. தந்தையின் தீனி விந்தணு சுமக்கும் சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளை மாற்றுகிறது, கொழுப்பு மிகுந்த தீனி தின்ற எலியின் விந்தணுவிலிருந்து அந்தத் துண்டுகளைப் பிரித்துக் கருவில் செலுத்தியபோது, பிறந்த குட்டிகளின் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் கெட்டது. வெள்ளாட்டில் இதைச் சோதிக்காமல் ‘கிடாவுக்குப் போடும் தீவனம் குட்டிக்கும் சேரும்’ என்று சொல்ல நான் தயாரில்லை. கிடாவைப் பட்டினி போடுவதன் கேடு கிடாவோடு முடிந்துவிடும் என்று சொல்லவும் யாருக்கும் உரிமையில்லை. வெயிலின் கணக்கு இன்னும் தெளிவானது. யானையின் விதை வயிற்றுக்குள், சிறுநீரகத்தை ஒட்டி இருக்கிறது. உடல் சூட்டிலேயே வேலை செய்ய அது பழகிவிட்டது. கிடாவின் விதை வெளியே தொங்குவது உடலைவிட நான்கைந்து டிகிரி குளுமை வேண்டும் என்பதற்காக. கத்திரி வெயிலில் அந்தக் குளுமை கெட்டால், பாதிப்பு உடனே தெரியாது. 48 நாள் உற்பத்தியும் அதன் பிறகு விந்தணு முதிரும் பத்துப் பதினைந்து நாளும் சேர்ந்து, சித்திரை வைகாசியில் பட்ட அடி ஆனி, ஆடியில் ‘பெட்டை சினை நிற்கவில்லை’ என்று வெளிப்படும். அப்போது பெட்டையைத்தான் குறை சொல்வார்கள்.

நாலு ஆடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு இந்த அறிவியலால் என்ன பயன் என்பது மூன்றாவது மறுப்பு. இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். 2019-இல் எடுத்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகள் இருந்தன. அவற்றைப் பெரும்பாலும் வளர்ப்பவர்கள் நிலமில்லாதவர்களும் சிறு விவசாயிகளும், குறிப்பாகப் பெண்களும். 2011-இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு 4 ஆடு என்று அரசு கொடுத்ததும் ஆடு ஏழையின் சேமிப்பு என்பதால்தான். அவர்களுக்கு ஆர்.என்.ஏ. பரிசோதனை தேவையில்லை. மேலே சொன்னவற்றிலிருந்து கிடைக்கும் நடைமுறை முடிவுகளுக்குக் கருவி ஏதும் வேண்டாம். பொலிகிடாவாக வைக்கப்போகும் குட்டியை, பால் மறக்கும் முன்பே, இரட்டைக் குட்டி ஈனும் நல்ல தாயின் குட்டிகளிலிருந்து தெரிந்தெடுத்துவிட வேண்டும். வியாபாரி வருவதற்கு முன் அந்த முடிவு எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தக் குட்டிக்கு முதல் ஆறு மாதம் பாலும் தழையும் அடர்தீவனமும் குறையக் கூடாது. குடற்புழு நீக்கம் தவறக் கூடாது. கோடையில் நிழல் வேண்டும். ஓராண்டு தாண்டிய பிறகே இணைசேர்க்க வேண்டும். அதற்கு முன் இரண்டு கையாலும் விதையைப் பிடித்துப் பார்த்தால் போதும்: இரண்டும் ஒரே அளவில், இறுக்கமாக, வழுக்கி நகரக்கூடியதாக இருக்கிறதா, ஒன்று சிறுத்திருக்கிறதா, கட்டி ஏதும் உண்டா என்று. ஒரு சாதாரண நாடாவால் விதைப்பையின் சுற்றளவை அளந்தால், உள்ளே எவ்வளவு உற்பத்தித் திசு இருக்கிறது என்பதற்கு நல்ல குறிப்பு கிடைக்கும். கொம்பில்லாத கிடாவையும் கொம்பில்லாத பெட்டையையும் சேர்க்கக் கூடாது.

செயற்கைமுறைக் கருவூட்டல் வந்துவிட்டால் கிடாவே தேவைப்படாதே என்று சிலர் சொல்வார்கள். மாட்டில் அது நடந்தது. வெள்ளாட்டில் சிக்கல் இருக்கிறது. கிடாவின் ஒரு மில்லிலிட்டர் விந்தில் 200 கோடிக்கும் மேல் விந்தணுக்கள் இருக்கும், அளவில் குறையில்லை. ஆனால் அந்த விந்துத் திரவத்தில் சுரப்பி ஒன்று சேர்க்கும் நொதி, உறையவைக்கக் கலக்கும் முட்டை மஞ்சள்கருவோடு வினைபுரிந்து விந்தணுவையே கெடுக்கிறது. அதனால் திரவத்தைக் கழுவி நீக்கிவிட்டுத்தான் உறையவைக்க வேண்டும். மதுரா அருகே மக்தூமில் 1979 முதல் இயங்கும் மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனம் இதில் நீண்ட காலம் உழைத்திருக்கிறது. இருந்தாலும் கிராமத்தில் பெரும்பாலான பெட்டைகளுக்கு இன்றும் கிடாதான் வழி. 20, 30 பெட்டைக்கு ஒரு கிடா என்று வைத்தால், பெட்டை ஒன்று கெட்டால் ஓர் ஈற்று போகும், கிடா கெட்டால் ஊரின் ஓராண்டுக் குட்டிகள் போகும்.

தெப்பக்காட்டைச் சுற்றிய ஊர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். முதுமலை 2007-இல் புலிகள் காப்பகமானது. மொத்தம் 688 சதுர கிலோமீட்டர் பரப்பில் மசினகுடிப் பக்கம் வெளிவட்டத்தில் வருகிறது. புலிகள் காப்பகங்களுக்குள் கால்நடை மேய்ச்சலைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் தடை செய்தது. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மேய்ச்சல் நிலம் சுருங்கும்போது, எண்ணிக்கையைக் கூட்டி வருமானம் பார்க்கும் வழி இருளர், குறும்பர் குடும்பங்களுக்கும் மற்ற சிறு வளர்ப்போருக்கும் அடைபடுகிறது. சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் போவது போக எஞ்சும் சில ஆடுகளில் ஒவ்வொரு ஈற்றும் நிற்க வேண்டும், ஒவ்வொரு குட்டியும் தேற வேண்டும். ஊருக்கும் ஊருக்கும் நடுவே காடு கிடப்பதால் மந்தைகள் கலப்பதும் குறைவு. தகப்பன் கிடாவே மகளுக்கும் பேத்திக்கும் இணையாகிவிடும் ஆபத்து இங்கே அதிகம். ஊருக்கு ஒரு சோதித்த பொலிகிடா, இரண்டாண்டுக்கு ஒருமுறை அடுத்த ஊர்க் கிடாவோடு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு என்பது கால்நடைத் துறைக்குப் பெரிய செலவல்ல.

ஆராய்ச்சியாளர்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. சேலம் கருப்பு, கன்னி, கொடி ஆகிய மூன்றும் தமிழ்நாட்டின் பதிவு பெற்ற வெள்ளாட்டினங்கள். வறட்சியும் வெயிலும் தாங்கி நின்றவை. இவற்றின் விதை எந்த வயதில் எப்படித் தயாராகிறது, கோடையில் அதன் ஆர்.என்.ஏ.க்கள் எப்படி மாறுகின்றன, வெயிலில் தரம் கெடாத கிடாவின் விதையில் வேறுபாடு என்ன என்ற கேள்விகளுக்குச் சீன ஆடுகளில் எடுத்த பட்டியல் விடை சொல்லாது. இதற்காக ஒரு கிடாவைக்கூடப் புதிதாகக் கொல்ல வேண்டியதில்லை. நம் ஊர்களின் ஆட்டுத்தொட்டிகளில் மூன்று மாதக் குட்டி முதல் முதிர்ந்த கிடா வரை எல்லா வயதிலும் தினமும் வெட்டப்படுகின்றன. வயதையும் இனத்தையும் சொந்த ஊரையும் குறித்துக்கொண்டு, வெட்டிய சில நிமிடங்களில் விதையிலிருந்து சிறு துண்டெடுத்துத் திரவ நைட்ரஜனில் போட்டால், மூன்று நான்கு அல்ல, முந்நூறு கிடாக்களின் மாதிரி ஓராண்டில் சேரும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வகங்கள் இருக்கின்றன, நீலகிரியில் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் நீலகிரிச் செம்மறியைக் காத்துவரும் அனுபவமும் இருக்கிறது. அந்த மாதிரிகளைச் சேர்க்கும் வேலையை அவர்கள் தொடங்க வேண்டும். ஆடு வளர்ப்போர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை: வரும் ஆடிக்கு வியாபாரி வந்து நிற்கும்போது, மந்தையின் முதல்தரக் கிடாக்குட்டி ஒன்றை மட்டும் விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.